எந்த பைபிள் வாங்குவது, அப்புறம் என்ன படிப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. துணி வைக்க வாங்கியது. இப்போது அதில் முழுக்கப் புத்தகம்தான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்.சி. (கத்தோலிக்கர்), லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபையாரும் வந்து எடுத்துப் போகிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம், அரூரிலிருந்து வருகிறவர்களும் உண்டு. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது எட்டிப்பார்ப்பார்கள். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவள் இல்லை. இருபது வருடமாக வாசிக்கிறேன், வாசிக்கக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அக்கா, முதல் தடவையாக சொந்தமாக ஒரு பைபிள் வாங்கப்போகிறேன். எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரோடும் சேர்ந்து வாசிக்க வேண்டும், வசனம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் உங்கள் சபையில் எது வாசிக்கப்படுகிறதோ அதையே வாங்குங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலானவற்றில் அது பழைய மொழிபெயர்ப்பு. இந்திய வேதாகமச் சங்கம் 'பரிசுத்த வேதாகமம்' என்ற பெயரில் அச்சிடுவது. ஆர்.சி. கோயில்களில் திருவிவிலியம்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து, என்ன சொல்லியிருக்கிறது என்று புரிந்து படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இன்றைய தமிழில் உள்ள ஒன்றை எடுங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும் என்பேன். காசு அதிகம் ஆகுமே என்று யோசிக்க வேண்டாம். ஒன்றை வாங்குங்கள், மற்றதைப் போனில் இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அதிகாரத்தைப் பழையதில் வாய்விட்டு வாசித்துவிட்டு, அதையே புதியதில் ஒருமுறை பாருங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தால் போதும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பழைய மொழிபெயர்ப்பு என்கிறீர்களே, எவ்வளவு பழையது?

இப்போது நாம் கையில் வைத்திருப்பது 1871இல் வெளிவந்தது. ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில், முத்தையா பிள்ளை போன்ற தமிழறிஞர்களின் துணையோடு ஒரு குழு செய்தது. பல சபைகள் சேர்ந்து ஏற்றுக்கொண்டதால் ஐக்கியத் திருப்புதல் என்றும், அவர் பெயராலேயே பவர் திருப்புதல் என்றும் சொல்வார்கள். திருப்புதல் என்றால் மொழிபெயர்ப்பு.

ஆனால் அதற்கு முன்பே நீண்ட கதை இருக்கிறது. தெரிந்துகொண்டால் பைபிளைத் திறக்கும்போதே ஒரு மரியாதை வரும். 1706இல் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய மிஷனரி தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது வயது 24கூட நிறையவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்த நிலையில் 1719இல் இறந்துபோனார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார்.

அப்புறம் வந்த மிஷனரி பப்ரிசியஸ். சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு பல ஆண்டுகள் ஒவ்வொரு வரியாகத் திருத்தியவர். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எடுத்துவந்த அச்சு இயந்திரம் அவர் கைக்குத்தான் வந்தது. அவருடைய பைபிள் முழுதும் அச்சாகி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. பின்னால் பாளையங்கோட்டையில் ரேனியஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் என்று வரிசை நீள்கிறது. பெர்சிவலுக்குத் துணையாக உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் ஆறுமுக நாவலர். சைவத்துக்காக வாழ்ந்த அதே நாவலர்தான். இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். உண்மை அது.

ஆக, பவர் திருப்புதல் ஒரே நாளில் வானத்திலிருந்து விழுந்ததில்லை. தனக்கு முன்னால் இருந்தவர்களின் உழைப்பின் மேல்தான் அது நிற்கிறது.

பழையதில் பாதி சொல் புரியவில்லை. நான் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில்தான் படித்தேன். குறை என்னிடமா?

இல்லவே இல்லை. 150 வருடத்தில் தமிழ் நகர்ந்துவிட்டது. சில சொற்கள் வழக்கொழிந்துவிட்டன. அவை கூடப் பரவாயில்லை, புரியவில்லை என்று நமக்கே தெரியும், கேட்டுக்கொள்வோம். பொருள் மாறிப்போன சொற்கள்தான் ஆபத்து. புரிந்துவிட்டது என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்கு வரும் ஒரு கல்லூரிப் பெண், யோவான் 14ஆம் அதிகாரத்தில் 'என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்' என்று இயேசு சொல்வதை வாசித்துவிட்டு, "இயேசுவின் கற்பனை என்றால் அவருடைய கனவா அக்கா?" என்று கேட்டாள். அவள் கேட்டது மிக நியாயமான கேள்வி. இன்றைக்குக் கற்பனை என்றால் மனதில் புனைவது. அன்றைக்குக் கற்பனை என்றால் கட்டளை. பத்துக் கட்டளைகளையும் பெரியவர்கள் 'பத்துக் கற்பனை' என்றுதான் சொல்வார்கள். திருவிவிலியத்தில் அதே இடத்தில் கட்டளைகள் என்றே இருக்கிறது. ஒரு பார்வையில் தெளிந்துவிடுகிறது.

இன்னொன்று, எல்லோருக்கும் மனப்பாடமான 23ஆம் சங்கீதம். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.' தாழ்ச்சி என்றதும் நமக்குத் தாழ்ந்துபோவது, அவமானப்படுவது என்றுதான் தோன்றும். 'நான் யாருக்கும் தாழ்ந்தவன் ஆகமாட்டேன்' என்று இதற்கு விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாழ்ச்சி என்ற சொல்லுக்குக் குறைவு, இல்லாமை என்ற பொருளும் உண்டு. எபிரெய மூலத்திலும் அந்தக் கருத்துதான். திருவிவிலியம் 'ஆண்டவரே என் ஆயர். எனக்கேதும் குறையில்லை' என்று சொல்கிறது. மேய்ப்பன் இருக்கிற ஆட்டுக்குப் புல்லுக்கும் தண்ணீருக்கும் குறை வராது. அடுத்த வசனமே புல்வெளியையும் தண்ணீரையும்தான் சொல்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்த ஒரு அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "கோடையில் ஏரி வற்றினால் மேய்ப்பவன்தான் இடம் மாற்றி ஓட்டிக்கொண்டு போகணும், ஆடு என்ன செய்யும்?" என்றார். எனக்கு அந்தச் சங்கீதம் அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

ஆயக்காரர் என்றால் வரி வசூலிப்பவர். நியாயப்பிரமாணம் என்றால் மோசே கொடுத்த சட்டம். ஆக்கினை என்றால் தண்டனை. ஒரு சின்ன நோட்டில் இப்படி எழுதிக்கொண்டே போங்கள். ஐம்பது சொல் சேர்வதற்குள் பழைய மொழிபெயர்ப்பு உங்களுக்குப் பழகிவிடும். பழகிய பிறகு அதன் ஓசை காதை விட்டுப் போகாது. சாவு வீட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகில், வாயில் தானாக வருவது அந்தத் தமிழ்தான். அதனால்தான் அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

திருவிவிலியம் கத்தோலிக்க பைபிள்தானே? சி.எஸ்.ஐ.காரர்கள் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். 1995இல் வெளியான அந்த மொழிபெயர்ப்புக்குப் பெயரே 'பொது மொழிபெயர்ப்பு'. கத்தோலிக்க அறிஞர்களும் மற்ற சபை அறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எபிரெயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் செய்தது. இந்திய வேதாகமச் சங்கமும், திண்டிவனத்தில் உள்ள கத்தோலிக்க விவிலிய நடுநிலையமும் இதில் பங்காளிகள்.

சொல் வித்தியாசம்தான் முதலில் தடுக்கும். நாம் சங்கீதம் என்பதை அவர்கள் திருப்பாடல் என்பார்கள். ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், அப்போஸ்தலர் திருத்தூதர், விசுவாசம் நம்பிக்கை, கிருபை அருள், பரலோகராஜ்யம் விண்ணரசு. பிரசங்கியைத் தேடினால் கிடைக்காது, 'சபை உரையாளர்' என்று இருக்கும். முன்பக்கப் பொருளடக்கத்தில் பென்சிலால் பழைய பெயரைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. குஷ்டரோகி, சப்பாணி என்று பழையதில் இருக்கும் இடங்களில் தொழுநோயாளர், கால் ஊனமுற்றோர் என்று மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள். உடல் ஊனத்தோடு இருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சுவிசேஷத்தைச் சத்தமாக வாசிப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். நம் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73. கூடுதலான 7: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எஸ்தரிலும் தானியேலிலும் கூடுதல் பகுதிகள் உண்டு. உங்கள் சபை அவற்றை வேதமாக எண்ணாவிட்டாலும், மக்கபேயரை ஒருமுறை வாசியுங்கள். மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில் உள்ள அந்த நீண்ட காலத்தில் யூதர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று தெரியும்.

புதிய மொழிபெயர்ப்புகளில் வசனங்களை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ வந்தது. மத்தேயு 17:21ஐக் காணோம். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். யாரும் ஒளித்து வைக்கவில்லை. பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள்ளோ பக்கத்தின் அடிக்குறிப்பிலோ அந்த வசனம் இருக்கும், பாருங்கள்.

காரணம் இதுதான். மத்தேயு தன் கையால் எழுதிய ஏடு நம்மிடம் இல்லை. கையால் பார்த்துப் பார்த்து எழுதிய பிரதிகள்தான் இருக்கின்றன. 1516இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவருக்குக் கிடைத்தவை பிற்காலப் பிரதிகள். அந்த வழியில் வந்த கிரேக்கப் பாடத்தைத்தான் நம் பழைய மொழிபெயர்ப்பு பின்பற்றுகிறது. அதற்குப் பிறகு நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரதிகள் ஆராய்ச்சிக்கு வந்தன. சீனாய் மலை மடத்தில் கிடைத்தது ஒன்று, வத்திக்கான் நூலகத்தில் இருந்தது இன்னொன்று. அவற்றில் சில வசனங்கள் இல்லை. படியெடுத்தவர் பக்கத்தில் எழுதிய விளக்கமோ, வேறொரு சுவிசேஷத்தில் உள்ள வரியோ காலப்போக்கில் உள்ளே சேர்ந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மத்தேயு 17:21, அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7இன் ஒரு பகுதி எல்லாம் இந்த வகைதான்.

இவற்றை அடிக்குறிப்புக்கு மாற்றியதால் நம் விசுவாசத்தின் எந்த அடிப்படையும் ஆடவில்லை. மத்தேயு 17:21 பேசுவது ஜெபத்தையும் உபவாசத்தையும் பற்றி; அவை வேண்டும் என்பதற்கு பைபிளில் வேறு எத்தனையோ இடங்கள் உண்டு. பிரதியில் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் வேதத்துக்குச் செய்யும் மரியாதை என்று நான் நம்புகிறேன்.

பழையதுதான் உண்மையான வேதம், மற்றதெல்லாம் கலப்படம் என்று எங்கள் சபையில் சொல்கிறார்களே?

அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு அன்றைக்கும் இருந்தது. பவர் திருப்புதல் வந்தபோது லுத்தரன் சபையார் பலர் பப்ரிசியஸ் திருப்புதலை விடாமல் வெகுகாலம் கையில் வைத்திருந்தார்கள். அன்று புதியது என்று தள்ளப்பட்டதுதான் இன்று பழையது என்று போற்றப்படுகிறது. சண்டை போடாதீர்கள். சபையில் பழையதை வாசியுங்கள், வீட்டில் இரண்டையும் வாசியுங்கள்.

இவை தவிர வேறு தமிழ் மொழிபெயர்ப்புகள் உண்டா?

உண்டு. 'ஈஸி டு ரீட்' என்ற பெயரில் வந்திருப்பது சின்னச் சின்ன வாக்கியங்களில், பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கும், வயதான பிறகு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றவர்களுக்கும் இதைத்தான் கொடுக்கிறேன். கவிதை நூல்களில் மட்டும் கொஞ்சம் சப்பென்று இருக்கும். இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன் என்று ஒன்று இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் நடையை அதிகம் கலைக்காமல், புரியாத சொற்களை மட்டும் மாற்றியது போல இருக்கும். பழையதிலிருந்து ஒரே தாவாகத் தாவ முடியாதவர்களுக்கு நல்ல படிக்கட்டு. இந்திய சமகாலத் தமிழ் மொழிபெயர்ப்பும் வாசிக்க ஓட்டமாக இருக்கிறது.

வீட்டு வாசலில் வந்து இலவசமாக ஒரு பைபிள் கொடுத்தார்கள். 'புதிய உலக மொழிபெயர்ப்பு' என்று போட்டிருக்கிறது.

அது யெகோவாவின் சாட்சிகள் அமைப்பினர் வெளியிடுவது. புதிய ஏற்பாட்டிலும் பல இடங்களில் யெகோவா என்ற பெயர் இருக்கும். யோவான் 1:1 நம் சபைகளின் பைபிள்களில் உள்ளதுபோல் இருக்காது. மற்ற சபைகள் இதை ஏற்பதில்லை. வந்தவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். வாசிப்பதற்கு மேலே சொன்னவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஓசூர். வீட்டில் தெலுங்கு பேசுவோம், படித்தது தமிழில். பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது எல்லா வீட்டிலும் இருக்கும் நிலைதான். பாட்டிக்குத் தெலுங்கு 'பரிசுத்த கிரந்தமு' வாங்கிக் கொடுங்கள். கன்னடக் குடும்பமாக இருந்தால் 'சத்யவேதவு'. பெங்களூர் பக்கத்தில்தானே, அங்கே எம்.ஜி. ரோட்டில் இந்திய வேதாகமச் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது.

ஒரு யோசனை: குடும்ப ஜெபத்தில் ஒரே பகுதியைப் பாட்டி தெலுங்கில் வாசிக்கட்டும், பேரப்பிள்ளைகள் தமிழில் வாசிக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படிச் செய்து, பாட்டியின் தெலுங்கு எழுத்தைப் பேத்தி கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறேன். லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

முதல் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சின்னது. தருமபுரியில் பஸ் ஏறி ஓசூர் இறங்குவதற்குள் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். அப்புறம் லூக்கா, அதே கையோடு அப்போஸ்தலர். இரண்டும் ஒருவரே எழுதியவை, ஒரு கதையின் இரண்டு பாகம் மாதிரி ஓடும். அதற்குப் பிறகு ஆதியாகமத்துக்கும் யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரங்களுக்கும் போங்கள். ரூத்தை ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

நீதிமொழிகள் 31 அதிகாரம். தேதிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டதைத் துரத்தாமல் அன்றைய தேதிக்கு வந்துவிடுங்கள்.

முழு பைபிளையும் ஒரு வருடத்தில் முடிக்க நினைப்பவர்களுக்குக் கணக்கு: மொத்தம் 1189 அதிகாரம், நாளைக்கு மூன்று அல்லது நான்கு. முடியும். ஆனால் அதை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலிகளைப் பற்றிய சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தைத் தனியாக வாசித்தால் வறண்டுதான் இருக்கும். எபிரெயருக்கு எழுதின நிருபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள், அந்தப் பலிகளெல்லாம் எதற்கு என்று பிடிபடும்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது.

பெரிய எழுத்துப் பதிப்பு வாங்குங்கள், ஆனால் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு. ஒருமுறை நான் ஆன்லைனில் 'பெரிய எழுத்து' என்று போட்டிருந்ததை நம்பி ஒரு அம்மாவுக்கு வரவழைத்தேன். அட்டை மட்டும்தான் பெரிதாக இருந்தது. திருப்பி அனுப்ப ஒரு மாதம் அலைந்தேன். இன்னொன்று, பெரிய எழுத்து முழு பைபிள் கனமாக இருக்கும், மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் உள்ள பதிப்பு வயதானவர்களுக்கு வசதி.

எழுத்தே தெரியாதவர்களுக்கு ஒலி பைபிள். போன் செயலிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் வை-பை இருக்கும்போது இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாத ஊரிலும் கேட்கலாம். என் மாமியார் ராகி களி கிண்டிக்கொண்டே லூக்கா முழுவதும் கேட்டு முடித்தார். இப்போது கெட்ட குமாரன் கதையை என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

கிறிஸ்தவர் இல்லாத நண்பர், இயேசுவைப் பற்றிப் படிக்க ஏதாவது கொடு என்று கேட்கிறார்.

அவர் கேட்டால் கொடுங்கள், கேட்காதவர் கையில் திணிக்காதீர்கள். லூக்கா சுவிசேஷம் தனிப் புத்தகமாகக் கிடைத்தால் அது முதல். தமிழில் ஆர்வம் உள்ளவராக இருந்தால் கண்ணதாசனின் 'இயேசு காவியம்'. அதை வாங்கிப் போன தமிழாசிரியர் ஒருவர் மூன்று மாதம் திருப்பித் தரவே இல்லை, நானும் கேட்கவில்லை.

பைபிள் தவிர வேறு என்ன படிக்கலாம்?

இதுதான் நான் ஆசையாக எதிர்பார்க்கும் கேள்வி.

எளிமையாகத் தொடங்க 'மோட்ச பிரயாணம்'. ஜான் பனியன் எழுதி 1678இல் வந்தது. பிரசங்கம் செய்ததற்காகச் சிறையில் கிடந்த மனிதர் அவர். முதுகில் பாரத்தோடு ஊரை விட்டு ஓடும் ஒரு மனிதனின் கதை. பிள்ளைகளுக்குக் கதை, பெரியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை. அதை வாசித்து முடித்தவர்கள் கையில் அடுத்து ஹெச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்தைக் கொடுப்பேன். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். பனியனின் கதையை எடுத்துக் கம்பன் நடையில் காவியமாகப் பாடினார், 1894இல் நூலாக வந்தது. முழுவதையும் வாசிக்கத் தமிழ்ப் பயிற்சி வேண்டும். அதில் தேவாரம் என்ற பெயரில் வரும் பாடல்களையும் சிலுவைப்பாடுகளைச் சொல்லும் இடங்களையும் மட்டும் உரையோடு வாசித்தாலே கண் நனையும்.

வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' 1726இல் முடிந்தது, 3615 பாடல். கதைத்தலைவர் சூசையப்பர், வளன் என்று தமிழ்ப்பெயர் சூட்டியிருப்பார். இத்தாலியில் பிறந்த ஒருவர் இப்படி எழுதினார் என்பதை ஒவ்வொரு முறையும் வியப்போடுதான் நினைக்கிறேன். இதைப் பாடலும் பொருளும் சேர்ந்த பதிப்பாகவே எடுங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி' வாசிப்பதற்கு அல்ல, பாடுவதற்கு. கிறிஸ்துமஸுக்கு முன் நாலு பேர் சேர்ந்து பாடிப் பாருங்கள்.

ஜெபத்துக்கு அமைதியான துணை வேண்டும் என்றால் தாமஸ் அ கெம்பிஸின் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்'. ஒரு நாளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வாசிக்காதீர்கள். சாது சுந்தர் சிங்கின் சிறு நூல்களும் இந்த வகை. 1929இல் திபெத் நோக்கிப் போனவர் திரும்பவே இல்லை.

வாழ்க்கை வரலாறுகள் எங்கள் பீரோவில் அதிகம் சுற்றுபவை. வேலூர் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்குப் போகாத குடும்பம் நம் இரண்டு மாவட்டத்திலும் குறைவு. அதை 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்த வராண்டாவில் காத்திருப்பதே வேறு மாதிரி இருக்கும். டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஏமி கார்மைக்கேல், பைபிள் முழுவதையும் மராத்தியில் தானே மொழிபெயர்த்த பண்டித ரமாபாய். பெண் பிள்ளைகளுக்கு இந்த மூன்று பேர் கதையையும் கட்டாயம் கொடுங்கள்.

கிறிஸ்தவப் புத்தகம் என்று போட்டிருந்தால் எல்லாமே நல்லதுதானே?

இல்லை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். காணிக்கை கொடுத்தால் பத்து மடங்கு திரும்ப வரும், வியாதி வந்தால் உன் விசுவாசக் குறைவுதான் காரணம், இன்ன வருடம் உலகம் முடியும் என்று சொல்லும் புத்தகங்களை பீரோவில் வைப்பதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபித்தால் போதும் என்று ஒரு சின்னப் புத்தகத்தில் வாசித்து, சர்க்கரை மாத்திரையை நிறுத்திய ஒரு அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்தவள் நான். லூக்காவே வைத்தியர்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வசனத்தை எடுத்துச் சொன்னால் அதன் முன்னும் பின்னும் உள்ள பத்து வசனத்தை உங்கள் பைபிளில் திறந்து பாருங்கள். புத்தகம் சொல்வது அங்கே நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஆசிரியர் இயேசுவைப் பற்றி அதிகம் பேசுகிறாரா, தன்னைப் பற்றி அதிகம் பேசுகிறாரா என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊரில் எங்கே வாங்குவது?

பெரிய கோயில்களிலும் சபைகளிலும் சின்னப் புத்தக அலமாரி இருக்கும், முதலில் அங்கே கேளுங்கள். கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷன் 1895இலேயே வந்துவிட்டது. எலத்தகிரி மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்களும் நமக்கு உண்டு. அங்குள்ள பெரியவர்கள் வீட்டுப் பரணில் நல்ல பழைய பதிப்புகள் இருக்கின்றன, பேத்திகளும் பேரன்களும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். சென்னைக்குப் போகிறவர்கள் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்துக்கும், திண்டுக்கல் பக்கம் போகிறவர்கள் வைகறைப் பதிப்பகத்துக்கும் போய் வாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். வேண்டாம். எழுதியவரும் அச்சிட்டவரும் உழைத்திருக்கிறார்கள்.

ஜிப் வைத்த பைபிள் வாங்கலாமா?

பையில் போட்டு எடுத்துப்போகிறவர்களுக்கு நல்லது, மழைக்கும் தூசிக்கும் தாங்கும். ஆனால் திறந்து மேசையில் வைத்துப் படிப்பவர்களுக்கு ஜிப் பக்க ஓரத்தை மடக்கும். தைத்த கட்டா, ஒட்டிய கட்டா என்று முதுகைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். தைத்ததுதான் உழைக்கும். படிப்பில் ஆழமாகப் போக நினைப்பவர்கள் ஒத்தவாக்கிய வேதாகமம் கேளுங்கள், ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களை ஓரத்திலேயே காட்டும்.

பைபிளில் கோடு போடலாமா?

போடலாம். பென்சிலால் போடுங்கள். பைபிள் தாள் மெல்லியது, மை பின்பக்கம் தெரியும்.

உங்கள் பீரோவில் எடுக்க என்ன விதி?

இரண்டாம் சனிக்கிழமை மாலை வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம், ஒரு மாதம். நோட்டில் பெயர் எழுதுங்கள், எந்தச் சபை என்று எழுத வேண்டாம். திருப்பிக் கொண்டுவரும்போது, அடுத்து எடுப்பவருக்குச் சொல்ல விரும்புவதை ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி அட்டைக்குள் வைத்துவிடுங்கள். 'மோட்ச பிரயாண'த்தில் இப்போது பதினேழு சீட்டு இருக்கிறது.